ஓடுபாதையின் நடுவே விரித்த பெருக்கல் குறி

விமான நிலைய விளக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். விளக்கைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. ஓடுபாதை ஓரத்துக்கு வெள்ளை, விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற டாக்ஸிவே ஓரத்துக்கு நீலம், அதன் நடுக்கோட்டுக்குப் பச்சை, நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு. இதெல்லாம் நீங்கள் படித்துத் தேறிவிட்டு வந்தவை. நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு விளக்குகூடக் கிடையாது. சுண்ணாம்பு இருந்தது, கித்தான் துணி இருந்தது. ஆனால் வேலை என்னவோ இதேதான். மேலே இருக்கிறவருக்குக் கீழே உள்ள நிலைமையைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி சொல்ல வேண்டும். அவர் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. நாமும் விளக்கம் சொல்ல முடியாது.

அந்த ஒன்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சந்தோஷமான கதை இல்லை. சுருக்கிச் சொல்லவும் எனக்கு வராது.

புதுச்சேரியில் வாப்பாவுக்குக் கித்தான் தைக்கிற கடை. வெள்ளைக்காரத் தெருக்களில் தாழ்வாரத்துக்கு வெயில் மறைக்கிற படுதா, படகுக்குப் பாய், கல்யாணத்துக்குக் கூடாரம், எல்லாம் தைப்போம். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு கிளம்பிய மறு வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, ஒரு நாள் தொப்பி வைத்த ஒருவர் கடைக்கு வந்தார். ஆங்கில டி எழுத்து மாதிரி வெள்ளைக் கித்தானில் ஒன்று தைத்துத் தர வேண்டும் என்றார். ஓர் ஆள் மேலே படுத்துப் புரளலாம், அவ்வளவு பெரிதாக.

"எதுக்குங்க முசியே?" என்று கேட்டேன். ஐயா என்பதைப் புதுச்சேரியில் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வோம்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதப் பாத்து தரையில விரிக்கணும். ஏரோப்ளேன் ஓட்றவன் அதப் பாத்துட்டு எறங்குவான்."

"காத்து மாறிட்டா?"

"மாத்திப் போடணும். அதுக்குத்தான் ஆள் தேடிக்கினு இருக்கேன். நீ வர்றியா?"

அப்படித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். அவர் பெயர் லூர்து. பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவில் விமானத் தளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். முத்தியால்பேட்டை தாண்டி, வடமேற்கே செம்மண் மேட்டில் இருந்த எங்கள் விமானத் திடலுக்கு அவர்தான் பொறுப்பு. திடல் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கெட்டித்த செம்மண்ணில் ஒரு ஓடுபாதை. இரண்டு ஓரமும் வெள்ளையடித்த கற்கள். ஒரு கொட்டகை. கம்பத்தில் காற்றுக்கு உப்புகிற துணிக்குழாய். கொட்டகையிலிருந்து ஓடுபாதைக்குப் போகிற வழிக்கும் கல் பதித்து வெள்ளையடித்திருந்தோம். வாரத்தில் என்றைக்காவது சென்னையிலிருந்து ஒரு சிறு விமானம் அதிகாரிகளையோ தபாலையோ ஏற்றிக்கொண்டு வரும். ரேடியோ கிடையாது. விமானம் வட்டமடிக்கும்போது தரையில் எது தெரிகிறதோ அதுதான் பேச்சு.

எங்களிடம் டி தவிர இன்னொரு துணியும் இருந்தது. இரண்டு நீளப் பட்டைகள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே விரித்தால் பெருக்கல் குறி. ஓடுபாதை நடுவில் அது கிடந்தால் இறங்காதே என்று அர்த்தம். முசியே லூர்து அதைப் பிரெஞ்சில் 'க்ருவா' என்பார். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

முதல் வருஷமே ஒரு பாடம் கிடைத்தது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாணம். பந்திக்கு விரித்த வெள்ளைத் துணிகளைத் துவைத்தவர்கள், புல் இல்லாத சுத்தமான தரை என்று எங்கள் ஓடுபாதைப் பக்கமே காயப் போட்டுவிட்டார்கள். ஒன்று நீளமாக, இன்னொன்று அதன் தலைமாட்டில் குறுக்காக. நாங்கள் விரித்த டி ஒரு பக்கம் பார்த்திருந்தது, அவர்களுடையது எதிர்ப்பக்கம். அன்று வந்த விமானி சந்தானம் என்று ஒரு இளைஞர், சென்னைக்காரர். அவர் கல்யாணத் துணியைப் பார்த்துக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பாதை முடிந்தும் விமானம் நிற்கவில்லை. முந்திரித் தோப்பு ஓரத்தில் புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை.

கிராமத்துக்காரர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு பயந்துபோய் நின்றார்கள். அவர்களை முசியே லூர்து ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வெள்ளையா எது கெடந்தாலும் மேல இருக்கறவன் அத நம்ம பேச்சுன்னுதான் எடுத்துக்குவான். நம்ம பேச்சு நடுவுல வேற எதுவும் கலக்காம பாத்துக்கறது நம்ம வேல."

அன்று சந்தானத்தை முசியே லூர்துவின் வீட்டுக்கு அழைத்துப் போனோம். அங்கேதான் மதாமை நான் முதலில் பார்த்தது. மதாம் தெரேஸ், முசியேவின் மனைவி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். ஆட்சி மாறியதும் இனி இங்கிலீஷ்தான் என்றாகிவிட, நாற்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தார். வேகமாகப் பேசுவார், வேகமாகச் சிரிப்பார். பேசும்போது யாராவது குறுக்கிட்டால் கையைத் தூக்கி நிறுத்துவார், வகுப்பில் நிறுத்துகிற மாதிரி.

"மீன் சாப்பிட மாட்டீங்களா கேப்டன்? முட்டையும் இல்லையா? அப்ப ஒங்களுக்கு என்னத்தப் போடறது நான்?" என்று சந்தானத்தை அதட்டிக்கொண்டே, வாழைக்காய் வறுத்து, ரசம் வைத்து, பக்கத்தில் நின்று சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகு சந்தானம் எப்போது வந்தாலும் அந்த வீட்டில்தான் சாப்பாடு. மதாம் அவரை நேரில் கேப்டன் என்பார், அவர் போன பிறகு அந்தப் பையன் என்பார். முசியேவுக்கும் மதாமுக்கும் பிள்ளை இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அறுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஐப்பசி மாதம். மழை விடாமல் அடித்தது. திண்டிவனம் போகிற ரோட்டில் ஏரி உடைந்து பாலம் போய்விட்டது. விழுப்புரம் ரயில் பாதையில் தண்ணீர். தெற்கே அரியாங்குப்பத்தில் ஆறு ரோட்டின் மேலேயே ஓடியது. ஊர் தீவு மாதிரி தனியாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து மதாமுக்கு உடம்புக்கு வந்தது. காலையில் பாதம் மரத்துப்போகிறது என்றார். அடுத்த நாள் எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மரப்பு முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது. புத்தி தெளிவாக இருந்தது, பேச்சும் இருந்தது. டாக்டர் முசியேவைத் தனியே அழைத்துச் சொன்னாராம்: இது நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நின்றுவிடும். தானாகவே இறங்கிவிடவும் கூடும், ஆனால் அதுவரைக்கும் மூச்சு விடவைக்க ஓர் இயந்திரம் வேண்டும். அது இங்கே இல்லை, சென்னையில்தான் இருக்கிறது.

போலீஸ் வயர்லெஸ்ஸில் சென்னைக்குச் செய்தி போனது. பதில் வந்தது. நாளைக்கு மேகம் விலகினால் மத்தியானம் சந்தானம் வருவார், படுக்க வைத்து ஏற்றிப் போகிற மாதிரி இருக்கைகளைக் கழற்றிவிட்டு வருவார். விமானம் இறங்கிவிட்டது என்ற செய்தி கிடைத்த பிறகுதான் மதாமைக் கட்டிலை விட்டு அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியும்போது மழை விட்டிருந்தது. நான் திடலுக்குப் போனபோது முசியே லூர்து எனக்கு முன்னால் வந்திருந்தார். ஓடுபாதை நடுவில் நின்றிருந்தார். அங்கேதான் எங்கள் திடலின் பலவீனம். பழைய காலத்தில் ஓர் ஓடை ஓடிய பள்ளம் அது. மண் போட்டு மூடி, மேலே கெட்டித்திருந்தார்கள். வெயில் காலத்தில் கல் மாதிரி இருக்கும். மழையில் அடியிலிருந்து இளகும். சரியாக நடுவில் இருந்ததால் அதை விட்டுவிட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இறங்கவும் நீளம் போதாது.

அவர் போவார், காலால் அழுத்துவார், குனிந்து தொடுவார், திரும்பி வருவார். கொட்டகை வரை வந்துவிட்டு மறுபடி போவார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் கடப்பாரையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"நீ போய்ப் பாரு ரஹீம்."

"நீங்கதான் பாத்துட்டீங்களே முசியே."

"போயிப் போயிப் பாத்தேன். ஒரு தரம் பாத்தா கல்லு மாதிரி இருக்குது. இன்னொரு தரம் பாத்தா சேறு மாதிரி இருக்குது. என் கண்ணு இன்னைக்கி என்கிட்ட இல்ல. நீ பாத்துட்டு வந்து என்ன சொல்றியோ அதுதான். நான் எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"நான் மட்டும் எப்பிடிங்க? மதாம் எனக்கும்..."

"ஒனக்கு அவ மதாம். எனக்குப் பொண்டாட்டி. அந்த வித்தியாசம் போதும். போ."

அதற்குப் பிறகு நான் பெரிய நிலையங்களில் பெரிய அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் தன் கண் தன்னிடம் இல்லை என்று தெரிந்துகொண்டு, அதை வாய்விட்டுச் சொல்லி, தீர்ப்பை இன்னொருவன் கையில் கொடுத்த ஆளை அவருக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அந்த வேளைக்கு அது சரியான காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். என் தலையில் அந்தப் பாரம் விழுந்ததே என்றும் நினைக்கிறேன்.

போனேன். பள்ளத்தின் ஓரங்களில் குதிகாலால் இடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நடுவுக்கு வந்து இடித்தேன். மேல் மண் உடையவில்லை, ஆனால் கொஞ்சம் தழைந்து கொடுத்தது. காலை எடுத்ததும் அந்தத் தடத்தில் தண்ணீர் மெல்லக் கசிந்து நின்றது. கடப்பாரையை வைத்து உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்தினேன். இறங்கியது. ஒரு சாண் போனதும் கெட்டியான எதிலோ முட்டி நின்றது. நாலு அடி தள்ளி அழுத்தினேன். அங்கே முட்டவில்லை. இன்னும் தள்ளி அழுத்தினேன். அங்கே இறங்கவே இல்லை.

இது எதைச் சொல்கிறது? தாங்கலாம். தாங்காமலும் போகலாம். அதற்கு மேல் அந்தத் தரை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அங்கேயே நின்று யோசித்தேன். வெறும் விமானம் இறங்கும்போது வேகத்தில் பள்ளத்தைத் தாண்டினாலும் தாண்டிவிடும். சந்தானம் கெட்டிக்காரர். ஆனால் திரும்பிப் போக வேண்டுமே? மதாமை ஏற்றிக்கொண்டு, கூட ஒரு நர்ஸை ஏற்றிக்கொண்டு, முதல் தரம் சக்கரம் உழுத தரையிலேயே மறுபடி ஓட வேண்டும். அப்போது ஒரு சக்கரம் புதைந்தால் விமானம் தலைகுப்புற விழும். உள்ளே எழுந்திருக்க முடியாத ஒருத்தர் கட்டப்பட்டிருப்பார்.

அதை நினைத்ததும் முடிவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மறுபடி கடப்பாரையைப் போடவில்லை. மறுபடி போட்டிருந்தால் நானும் முசியே மாதிரி போய்ப் போய் வந்துகொண்டிருப்பேன்.

கொட்டகைக்குத் திரும்பினேன். அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒன் மூஞ்சியப் பாத்து நானா ஒண்ணு நெனச்சிக்கக் கூடாது. வாயால சொல்லு."

"போட்டுடணும் முசியே."

"டியா, க்ருவாவா?"

"க்ருவா."

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் இரண்டு பட்டைகளையும் அவரே தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஈரத்தில் கித்தான் கனத்துக் கிடந்தது. ஒரு முனையை அவர் பிடித்தார், ஒரு முனையை நான் பிடித்தேன். விரித்து, மூலைகளில் கல் வைத்தோம். ஒரு பட்டையில் சுருக்கம் விழுந்திருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து கையால் தடவித் தடவி அந்தச் சுருக்கத்தை எடுத்துவிட்டார்.

மத்தியானம் மேகத்துக்குக் கீழே சத்தம் கேட்டது. விமானம் தாழ்வாக வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. எங்கள் தலைக்கு நேர்மேலே போகும்போது சந்தானத்தின் முகம்கூடத் தெரிந்த மாதிரி இருந்தது. முசியே கையை அசைக்கவில்லை. இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நின்றார். ஏதாவது அசைத்தால் அது வேறு பேச்சாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். குறியைப் பார்த்துவிட்டேன் என்கிற மாதிரி விமானம் ஒரு பக்கச் சிறகைத் தாழ்த்தி நிமிர்த்தியது. பிறகு வடக்கே திரும்பிப் போய்விட்டது. சத்தம் அடங்க வெகு நேரம் ஆனது.

நான் போய் ஒரு மூலைக் கல்லை எடுத்தேன்.

"எடுக்காத ரஹீம். தரை இன்னும் அப்பிடியேதானே இருக்குது?"

அவ்வளவுதான் சொன்னார். நாளைக்காவது வர முடியுமா என்று கேட்கச் சொல்லப் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் மேகம் மரங்களின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது. எந்த விமானமும் வர வழியில்லை. அதற்கு அடுத்த நாள் விடிகிற நேரத்தில் மதாம் போய்விட்டார்.

அடக்கம் செய்த அன்று வெயில் வந்தது. நல்ல வெயில். கல்லறையிலிருந்து எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். முசியேவை மட்டும் காணவில்லை. திடலில் இருப்பார் என்று எனக்குத் தோன்றியது, போனேன். தூரத்திலேயே ஜீப்பு சத்தம் கேட்டது. எங்கள் திடலின் பழைய ஜீப்பை எடுத்து, அந்தப் பள்ளத்தின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டோடு. போவார், திருப்புவார், மறுபடி வருவார். பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றியிருந்தார். சக்கரம் புதைய வேண்டும், அவருக்கு அது புதைய வேண்டும். அது புதையவே இல்லை. செம்மண்ணில் இரண்டு லேசான தடம் விழுந்ததே தவிர, ஜீப்பு ரோட்டில் போகிற மாதிரி போய்வந்தது.

நான் பக்கத்தில் போய் நின்றேன். ஜீப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு நாளு ஆயிடுச்சி இல்ல? வெயிலும் அடிச்சிட்டுது. அதான் காஞ்சிட்டுது."

"ஆமாங்க முசியே."

"அன்னைக்கி இப்பிடி இல்ல."

"இல்லைங்க."

சொல்ல வேண்டியதை எல்லாம் எனக்காக அவரே சொன்னார். என்னைக் காப்பாற்றுகிறாரா, தன்னையே தேற்றிக்கொள்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இறங்கி மூட்டைகளைத் தள்ளினோம். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. தினமும் சேர்ந்து சுண்ணாம்பு அடித்தோம், டி விரித்தோம், பீடி பற்றவைத்துக்கொண்டோம். பேசவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சந்தானம் வந்தார். முசியே இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்.

"அன்னிக்கு நான் எப்படி வந்தேன் தெரியுமா ரஹீம்? என்ன ஆனாலும் இறங்கறதுன்னுதான் வந்தேன். தரை எப்படி இருந்தாலும் சரின்னு. கீழே உங்க குறியைப் பார்த்ததும் அப்பாடான்னு இருந்தது. அந்த நிம்மதியை நினைச்சா எனக்கு இன்னிக்கும் வெட்கமா இருக்கு. அவங்க வீட்டுப் பக்கம் போக முடியலை."

உண்மையில் அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் சாப்பிடவே இல்லை. முசியே கூப்பிட்டும் போகவில்லை. மூன்று பேரும் நல்லவர்கள்தான், மூன்று பேரும் சரியாகத்தான் நடந்துகொண்டோம். இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் ஆகிவிட்டது.

பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். நம்முடைய குறிகளில் 'ஒருவேளை' என்பதற்குக் குறி கிடையாது. இருக்கவும் கூடாது. சிவப்பு என்றால் சிவப்பு. அரைச் சிவப்பு போட்டால் மேலே இருக்கிறவர் நம்முடைய சந்தேகத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இறங்க வேண்டியிருக்கும். ஆகையால் சந்தேகம் முழுவதும் நம்மோடு கீழேயே தங்கிவிடுகிறது. அதைத் தாங்குகிற நெஞ்சு வேண்டும். அது தனியாக ஒருவரால் ஆகாது. பக்கத்தில் இருக்கிறவரோடு பேசுங்கள். நாங்கள் பேசவில்லை. நான் வருத்தப்படுவது க்ருவா போட்டதற்காக இல்லை. அன்றைய அதே தரை மறுபடி என் காலடியில் வந்தால் மறுபடியும் போடுவேன். அதற்குப் பிறகு வந்த வருஷங்களுக்காகத்தான் வருத்தப்படுகிறேன்.

அறுபத்திரண்டில் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கிற ஒப்பந்தம் அமலுக்கு வந்து, விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது முசியே லூர்து எடுத்துக்கொண்டார். பிரான்ஸில் மர்சே துறைமுகத்தில் அவருடைய அண்ணன் இருந்தார். வீட்டை விற்றார். கப்பலுக்குப் போக முதலில் சென்னைக்கு பஸ். வழியனுப்ப நான் மட்டும் போனேன். பெட்டியை பஸ் மேலே ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கினேன். அவர் ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளப் பாத்துக்கின மாசேர் கிட்ட சொல்லிட்டு வரலாம்னு" என்றார். மாசேர் என்றால் அங்கே நர்ஸ் வேலை பார்த்த கன்னியாஸ்திரி. "அன்னைக்கி சாயந்தரம் நீ அவளப் பாக்க வந்தியாமே. மாசேர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"வந்தேங்க. நீங்க போலீஸ் ஸ்டேஷன்ல இருந்தீங்க. ஏரோப்ளேன் எறங்கலன்னு மதாமுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"பேசினாளா?"

"பேசினாங்க."

அவர் காத்திருந்தார். நான் சொன்னேன்.

மதாமுக்கு அப்போதே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வார்த்தை பேசுவார், நிறுத்துவார். நான் உள்ளே போனதும் அவரே கேட்டார்.

"சத்தம் கேட்டுது. வந்துட்டுப் போயிடுச்சி, இல்ல?"

"ஆமாங்க மதாம். தரை எளக்கமா இருந்துது. நாந்தான் பாத்தேன். முசியே என்னைப் பாக்கச் சொல்லிட்டாரு."

"ஒன்னையா? அவரு பாக்கலியா?"

"அவரு கண்ணு அவருகிட்ட இல்லன்னாரு."

மதாம் சிரித்தார். அந்த நிலைமையிலும் அவருடைய சிரிப்புதான் அது.

"அப்பாடா. அவரே பாத்திருந்தா எறக்கியிருப்பாரு. எனக்காக அந்தப் பையனக் கொன்னுருப்பாரு. அப்பறம் எப்பிடி இருப்பாரு அவரு?"

நான் அழுதுவிட்டேன். மதாம் கையைத் தூக்க முயன்றார். கை எழவில்லை.

"அழாத. இத நீயாப் போய் அவருகிட்ட சொல்லாத. கேக்காம சொன்னா ஆறுதலுக்குச் சொல்றன்னு நெனப்பாரு, நம்ப மாட்டாரு. ஒரு நாளு அவரே கேப்பாரு. அப்ப சொல்லு."

அவர் கேட்கவில்லை. நான் அங்கே போயிருந்தேன் என்பதே அவருக்குத் தெரியாதபோது எப்படிக் கேட்பார்? மதாம் சொன்னதைச் சொன்னபடியே கடைப்பிடித்துக்கொண்டு, வருஷக்கணக்கில் அவர் பக்கத்தில் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிலையத்தில் முசியே லூர்து இதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார். எல்லாரும் ஏறிவிட்டார்கள். அவர் ஏறவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே இன்னொரு தரம் சொல்லு."

பஸ் எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவருக்குக் கேட்கும்படி, மதாம் நிறுத்திய இடத்தில் எல்லாம் நானும் நிறுத்தி, முதலிலிருந்து சொன்னேன்.